கடைசியாகப் படிக்க ஆசைப்பட்ட கஸல்காரர்

உலகத்தில் தன் கவிதையைக் கேட்க ஆள் கிடைக்காமல் தவித்த கவிஞர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தன் உருதுக் கவிதைக்குத் தலையாட்டுவதற்கென்றே, உருதுவில் ஒரு சொல்லும் அறியாத மூன்று இலங்கைத் தமிழரைப் பிடித்து, இரண்டு மாதம் பயிற்சி கொடுத்து, கோட்டு அயன் பண்ணிப் போட்டு, முன்வரிசையில் கொண்டுபோய் இருத்திய கவிஞர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை நாங்கள் கஸல்காரர் என்று சொல்லுவோம். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். இத்தனை வருடம் இதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது வயது போய்விட்டது, அதோடு வெட்கமும் போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்து சேர்ந்து, ஸ்ட்ரெதமில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் கவுண்டரில் நிற்கிற வேலைக்குப் போனேன். கடையின் பின்னறையில் நீராவியால் அயன் பண்ணுகிற பெரிய பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, தோளில் ஒரு சால்வை. தோல் ஜாக்கெட் தைக்கிறதும் காற்சட்டை மடிப்பு எடுக்கிறதும் அவர் வேலை. முதல் நாளே என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, தமிழா?" என்று கேட்டார். நான் அப்படியே உருகிப்போனேன். தமிழ்நாட்டில் ஆம்பூர் அவருடைய ஊர். வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர். ஆம்பூர் என்றால் ஊருலகத்துக்குத் தோலும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். இவர் விடமாட்டார். மூன்றாவதாக உருதுக் கவிதை என்று சேர்த்துக்கொள்ளுவார். அந்த ஊரில் தோல் ஊறப்போடுகிறவனும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கஸல் சொல்லுவான் என்பது அவருடைய கட்சி. நான் ஆம்பூருக்குப் போனதில்லை, அதனால் நம்பினேன்.

கஸல் என்றால் இரண்டிரண்டு வரியாகப் போகிற கவிதை என்றும், முதல் வரியில் ஆளைத் தவிக்கவிட்டு இரண்டாவது வரியில் அடிக்கவேண்டும் என்றும் அவர்தான் எனக்குச் சொன்னார். அவர் எழுதுவது கடையில் உடுப்போடு குத்துகிற அட்டைத் துண்டின் பின்பக்கத்தில். மெஷின் சூடேறுகிற நேரத்தில் ஒரு வரி வரும். எழுதி, எந்தக் கோட்டு கிட்ட இருக்கிறதோ அதிலேயே குத்திவிடுவார். ஒரு நாள் பின்னறையில் இருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, அந்தப் பச்சை ரெயின்கோட்டு எங்கே?"

"அந்த மனுசி இப்பத்தானே எடுத்துக்கொண்டு போனவ. பஸ் ஏறியிருப்பா."

"அடப்பாவி, முதல் வரி இங்க இருக்கு. ரெண்டாவது வரி பஸ்ல போவுது."

"திரும்ப யோசிச்சு எழுதுங்கோவன் அண்ணை."

"ரெண்டாவது வரி யோசிச்சா வராது தம்பி. அது தானா வரணும்."

கடையில் இருந்த அடித்துண்டில் விலாசத்தைப் பார்த்துக்கொண்டு, மிச்சம் என்கிற பக்கத்து ஊர் வரைக்கும் போனார். அந்த ஆங்கிலக் கிழவி அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேநீர் கொடுத்து, துண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இது என்ன, துவைக்கிற முறையா என்றும் கேட்டிருக்கிறாள். மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. என்ன அண்ணை என்று கேட்டேன். வரி கிடைத்துவிட்டதாம், ஆனால் வாசித்துப் பார்த்தால் அவ்வளவு நல்லாயில்லையாம்.

இப்படிப்பட்ட மனிதரை ஒரே ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. உருதுக்காரர்கள் முஷாயரா என்று ஒரு கவியரங்கம் வைப்பார்கள். அதில் ஒரு முறை உண்டு. சின்னக் கவிஞர்கள் முதலில் படிக்கவேண்டும், பெரியவர்கள் பின்னால். எல்லாருக்கும் கடைசியாகப் படிக்கிறவர்தான் ஆகப் பெரிய கவிஞர். எங்கள் ஊர்ச் சபைகளில் பெரிய மனிதர்கள் முதலில் பேசிவிட்டு வேறு கூட்டம் இருக்கிறது என்று போய்விடுவார்கள். இங்கே பெரிய மனிதர் கடைசிவரை காத்திருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு கவிஞரும் தன் பெயரைப் பின்னுக்குத் தள்ளுவதற்கே முன்னுக்கு நின்று சண்டை பிடித்தார். வேண்டுமென்றே பிந்தி வந்தால் பின்னால் போடுவார்கள் என்று சிலர் தெருமூலையில் காருக்குள் ஒளித்திருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தென் லண்டனில் வருடத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு கவுன்சில் மண்டபத்தில் பெரிய முஷாயரா நடக்கும். சங்கத்துச் செயலாளர் லக்னோக்காரர், மீசைக்கு மை பூசுகிறவர். அவர் கஸல்காரரை ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாகத்தான் கூப்பிடுவார். பதினெட்டு வயதுப் பொடியன்களுக்கும் முன்னால். முதல் ஆள் படிக்கும்போது சனம் உட்காரக் கதிரை தேடிக்கொண்டிருக்கும், சமோசா எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஏன் இப்படி என்று கஸல்காரர் ஒரு முறை கேட்டதற்கு, "மதராஸ்காரர் உருது எழுதுவதே பெரிய முயற்சி, பாராட்டுகிறோம். ஆனால் உங்கள் உருதுவில் கொஞ்சம் புளி வாசனை வருகிறது" என்றாராம் செயலாளர்.

"அவன் உருதுல மூக்குப்பொடி வாசனை வருது, நான் ஒரு வார்த்தை சொன்னேனா தம்பி?" என்று கஸல்காரர் என்னிடம் கேட்டார். அன்றைக்கு அவர் பிரஸ் பண்ணிய காற்சட்டைகளில் எல்லாம் இரண்டிரண்டு மடிப்பு இருந்தது.

இது வெறும் ரோசம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் உள்விஷயம் தெரிந்தது. ஆம்பூரில் அவருக்கு ஓர் அண்ணன், பள்ளிக்கூட வாத்தியார். தம்பி கப்பலேறும்போது, "எழுதி எழுதி எவன் முன்னால படிக்கப் போறே?" என்று கேட்டவர். அந்தக் கோபத்தில் இவர் லண்டனுக்கு வந்த முதல் வருடமே, முஷாயராவில் தன்னைக் கடைசியாகப் படிக்க வைத்தார்கள் என்று கடிதம் எழுதிவிட்டார். அண்ணன் அதைப் பள்ளிவாசல் வாசலில் நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு பொய்யை நிறுத்த வழியில்லை. ஒவ்வொரு வருடமும் இங்கே முதலாவதாகப் படித்துவிட்டு, ஆம்பூருக்குக் கடைசியாகப் படித்ததாக எழுதினார். ஒருமுறையாவது அதை உண்மையாக்கிவிட்டுச் சாகவேண்டும் என்பதுதான் மனிதனின் ஆசை.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. முஷாயராவில் சபை சும்மா இருக்காது. நல்ல வரி வந்தால் "வாஹ் வாஹ்" என்று சத்தம் போடும். எவனுக்குச் சத்தம் கூடவோ அவனுக்கு அடுத்த வருடம் இடம் பின்னால் போகும். பஞ்சாப்காரருக்குப் பஞ்சாப்காரர் சத்தம் போட்டார்கள், லக்னோக்காரருக்கு லக்னோக்காரர். ஆம்பூருக்குச் சத்தம் போட லண்டனில் ஆம்பூர்க்காரர் இல்லை. ஆகவே என்னைக் கேட்டார். நான் மிச்சத்தில் என்னோடு வீடெடுத்து இருந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒருவர் சிவம் அண்ணை, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை, ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்குமேல் பேசாதவர். மற்றது மரியதாஸ், மன்னார்க்காரன், கோயிலில் பாடுகிறவன், மெல்லக் கதைக்கத் தெரியாது.

"செத்த வீட்டிலை ஒப்பாரிக்கு ஆள் பிடிக்கிறது கேள்விப்பட்டிருக்கிறன்" என்றார் சிவம் அண்ணை. "பாட்டுக்குப் பிடிக்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்." அன்றைய பத்துச் சொல்லும் அதோடு முடிந்துவிட்டது.

கடையின் பின்னறையில் பயிற்சி நடந்தது. "முதல் வரிக்கு வாயைத் தெறக்கக் கூடாது. ரெண்டாவது வரி முடியறப்ப நான் வலது காதைத் தொடுவேன். அப்ப போடணும். அதுக்கு முன்னால போட்டா மானம் போயிடும்" என்று கஸல்காரர் விளக்கினார். அவர் காதைத் தொடுவார், நாங்கள் "வாஹ் வாஹ்" என்போம். சிவம் அண்ணைக்கு வாய் வரவில்லை. அவர் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினால் போதும் என்று விலக்கு கொடுக்கப்பட்டது. மரியதாஸ் போட்ட சத்தத்தில் தொங்கிய கோட்டுகள் ஆடின. ஒரு நாள் ஓர் ஆங்கிலேயர் தன் காற்சட்டையை வாங்க வந்து கவுண்டரில் நிற்கிறார், உள்ளேயிருந்து "வாஹ் வாஹ்" என்று கேட்கிறது. இது என்ன என்று கேட்டார். உங்கள் துணியின் தரத்தைப் பார்த்து வியக்கிறார்கள் என்று சொன்னேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தரம் தவறாமல் வந்தார்.

முஷாயரா நாள் வந்தது. முன்வரிசையில் மூன்று பேரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தோம். வழக்கம்போல கஸல்காரரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மனிதர் எழும்பினார். காகிதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடாமலே ஏழு ஜோடி வரியையும் படித்து முடித்து இறங்கினார். காதை ஒரு தரமும் தொடவில்லை. தொடக் கை இருக்கவில்லை. நாங்களோ பயிற்றப்பட்டவர்கள். காதைத் தொடாமல் வாயைத் திறந்தால் மானம் போய்விடும் என்று இறுகி மூடிக்கொண்டு இருந்தோம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாலைந்து பேருக்குப் பிறகு ரெய்னர்ஸ் லேனில் இருந்து வந்த ஒரு பல் டாக்டர் படிக்க எழும்பினார். அவருக்குக் காது கேட்கிற மெஷின், வலது காதில். மைக்குக்குக் கிட்டப் போனால் அது விசிலடிக்கும். ஒவ்வொரு வரிக்கும் மனிதர் காதைத் தொட்டுத் தொட்டு அதை அடக்கிக்கொண்டிருந்தார். முதல் தரம் தொட்டவுடன் மரியதாஸ் "வாஹ்" என்று மண்டபம் அதிரப் போட்டான். பக்கத்தில் போட்டால் நானும் போடாமல் இருக்க ஏலுமா. சிவம் அண்ணை கண்ணை மூடித் தலையாட்டத் தொடங்கிவிட்டார். முன்வரிசை இப்படி உருகுவதைப் பார்த்துப் பின்வரிசைக்கும் தொற்றிக்கொண்டது. தன் வாழ்நாளில் இப்படியொரு வரவேற்பைக் காணாத பல் டாக்டர் கண்கலங்கிவிட்டார்.

"என்னடா செய்தனி?" என்று மரியதாஸைக் கேட்டேன்.

"கை காதுக்குப் போனா வாய் தானாத் திறக்குது, நான் என்ன செய்ய?" என்றான்.

கஸல்காரர் ஒரு கிழமை எங்களோடு பேசவில்லை. அடுத்த வருடம் பல் டாக்டருக்கு ஐந்து இடம் பின்னால் போட்டார்கள் என்ற செய்தி வந்தபோது இன்னொரு கிழமை பேசவில்லை.

ஆனால் வேடிக்கை இனித்தான் தொடங்கியது. கவிஞர்கள் எங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். சிலோனில் இருந்து மூன்று பெரிய ரசிகர்கள் வந்திருக்கிறார்களாம். லேசில் வாயைத் திறக்கமாட்டார்களாம். அவர்களுக்குப் பிடித்தால் சரியான இடத்தில்தான் "வாஹ்" வருமாம். அதிலும் நடுவில் இருக்கிற பெரியவர் ஒன்றும் பேசாமல் கண்ணை மூடிக் கேட்கிறாராம், அவர்தான் உண்மையான விமர்சகராம். உருது பேசுகிற மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிற லண்டனில், கவிஞர்கள் எங்கள் மிச்சம் வீட்டுக்கு டெலிபோன் எடுத்துத் தங்கள் புதுக் கவிதையைப் படிக்கத் தொடங்கினார்கள். சிவம் அண்ணை ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டுவார். கவிதை நின்றால் "ஹ்ம்" என்பார். அந்த "ஹ்ம்" நீளமாக வந்ததா, கட்டையாக வந்ததா என்று கவிஞர்கள் ஒருவருக்கொருவர் போன் பண்ணி ஆராய்ந்ததாகக் கேள்வி.

"அண்ணை, இதிலை ஒரு சொல்லாவது உங்களுக்கு விளங்குதோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"விளங்கினா இவ்வளவு பொறுமையாக் கேக்க ஏலாது" என்றார்.

உருது அறிந்த மனைவிமார் வீட்டில் இருக்க, இந்தக் கவிஞர்கள் ஏன் உருது அறியாத எங்களைத் தேடி வந்தார்கள் என்று நான் பல நாள் யோசித்தேன். அறிந்தவன் குறை கண்டுபிடிப்பான். எங்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

எங்களுக்கும் நாக்குச் செத்துப்போயிருந்த காலம். பல் டாக்டர் ரெய்னர்ஸ் லேனில் தன் வீட்டில் ஒரு சின்ன முஷாயரா வைத்து, மட்டன் பிரியாணியும் உண்டு என்று சொல்லி அனுப்பினார். போனோம். சாப்பிட்டோம். காதைத் தொட்டபோதெல்லாம் சத்தம் போட்டோம். அடுத்த நாள் கடைக்குப் போனால் கஸல்காரர் மெஷினுக்கு முன்னால் சால்வை இல்லாமல் நின்றார்.

"பிரியாணி எப்படி தம்பி?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் கூட்டிட்டுப் போன ஆளுங்க. ஊர்ல எல்லாருக்கும் வாஹ் வாஹ் போடறீங்க. எனக்கு மட்டும் இல்ல." பிரஸ் மெஷினின் மூடியை இறக்கினார். "ஆம்பூர்க்காரனை விட்டுட்டு டெண்டிஸ்ட் வூட்டு பிரியாணி சாப்பிட்டிருக்கே பாரு, அதத்தான் தம்பி என்னால தாங்க முடியல."

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு நெஞ்சு சுட்டது. வீட்டுக்குப் போய் மற்ற இரண்டு பேருக்கும் சொன்னேன். மரியதாஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தொண்ணூறு பிறந்து ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும். அந்த வருட முஷாயராவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை டெலிபோன் அடித்தது. லக்னோச் செயலாளர். யார் கடைசியாகப் படிக்கிறது என்று கவிஞர்களுக்குள் அடிபிடியாம். நாலு பேர் அந்த இடம் தராவிட்டால் வரமாட்டோம் என்கிறார்களாம். பாரபட்சமில்லாத ஒரு ரசிகரின் அபிப்பிராயம் வேண்டுமாம், சிவம் சாஹிப் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சிவம் அண்ணையிடம் கொடுத்தேன். சிவம் அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். ரிசீவரை வாங்கி, "ஆம்பூர்" என்றார். வைத்துவிட்டார். ஒரே ஒரு சொல்.

நாலாம் நாள் கஸல்காரருக்குக் கடிதம் வந்தது. அவர் பெயர் கடைசியில் இருந்தது. கடிதத்தைக் கவுண்டரில் விரித்து வைத்து, வந்த வாடிக்கையாளருக்கெல்லாம் காட்டினார். உருது தெரியாத அவர்களும் நல்லது நல்லது என்றார்கள். நாங்கள் மூச்சுவிடவில்லை. அவருடைய கவிதைக்காகக் கிடைத்தது என்று அவர் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். உடனே ஆம்பூருக்கு எழுதினார். அண்ணனிடம் இருந்து பதில் வந்தது. எனக்கு இப்போது நடமாட்டம் இல்லை, இந்த வருடம் நீ படிப்பதைக் கேசட்டில் பிடித்து அனுப்பு, உன் பெயரைக் கூப்பிடுகிறதும் அதில் இருக்கட்டும் என்று. கஸல்காரர் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "நல்லவேளை தம்பி, இது போன வருஷம் கேக்கல" என்றார். மூன்று நாள் தன் ஷெர்வானியை அயன் பண்ணினார். கேசட் ரெக்கார்டர் என் பொறுப்பு.

முஷாயரா இரண்டு மணிக்குத் தொடக்கம். மண்டபத்தை ஆறு மணிக்குக் கவுன்சிலிடம் ஒப்படைக்கவேண்டும். மண்டபத்துப் பொறுப்பாளர் ஓர் ஐரிஷ்காரப் பெண்மணி, இடுப்பு வளையத்தில் மண்டபத்துப் பூட்டுகளின் திறப்பு ஒரு கிலோ. ஆறு என்றால் ஆறு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் போனார். பதின்மூன்று கவிஞர்கள். ஒவ்வொருவரும் இரண்டே இரண்டு வரி சொல்லி அமர்கிறேன் என்று எழும்பினார். ஒருவரும் அமரவில்லை. ஆம்பூர்க்காரனுக்குப் போன இடம் தனக்கல்லவா வந்திருக்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் மனதில் ஒரு புண். அதைக் கவிதையால் நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் கடைசி ஆளுக்கு முந்தின ஆள். அவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். செயலாளர் மணியடித்தார், மேசையில் தட்டினார், கெஞ்சினார். டாக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணித்தியாலம் படித்தார்.

ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருக்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து, எல்லாரும் காத்திருந்த நேரம் இது என்று அறிவித்தார். எல்லாரும் காத்திருந்தது என்னவோ உண்மைதான். கோட்டு போடக் காத்திருந்தார்கள். பிராட்ஃபோர்டுக்குப் போகிற கோச் பஸ் வாசலில் நின்றது. கார் பார்க் பூட்டுவார்கள். கஸல்காரர் மேடைக்கு ஏறுகிறதும் சனம் வாசலுக்குப் போகிறதும் ஒன்றாக நடந்தது. கவிஞர்கள்தான் முதலில் போனார்கள். செயலாளர் மைக்கைக் கஸல்காரர் கையில் கொடுத்துவிட்டு, கோச்சில் ஆள் எண்ணவேண்டும் என்று தானும் போய்விட்டார். கடைசியில் பார்த்தால் அந்தப் பெரிய மண்டபத்தில் நாங்கள் மூன்று பேர். பின்னால் அந்த ஐரிஷ்காரப் பெண்மணி கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் ஓடிப்போய், இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றேன்.

"என்ன அது, ஜெபமா?"

"கவிதை."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறார்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கதிரையெல்லாம் அடுக்கி முடியும் வரைக்கும் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், ஒவ்வொன்றாக, மெல்ல மெல்ல அடுக்கத் தொடங்கினார்.

கஸல்காரர் படித்தார். இந்த முறை கையில் காகிதம் இல்லை. இரண்டு கையும் சும்மாதான் இருந்தது, ஆனாலும் காதைத் தொடவில்லை. நான் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மரியதாஸ் வாயைத் திறக்கவில்லை. சிவம் அண்ணை கண்ணை மூடவில்லை, நேரே அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். முழுக் கவிதையும் முடிந்தது. மனிதர் வெறும் மண்டபத்துக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

வெளியில் இன்னும் நல்ல வெயில். பஸ்ஸில் மேல்தட்டில் முன்சீட்டில் நாலு பேரும் இருந்தோம். நான் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். செயலாளர் பெயர் கூப்பிடுகிறது தெளிவாக இருந்தது. கவிதையும் இருந்தது. இடைக்கிடை கதிரை அடுக்குகிற சத்தம், ஒரு சபை கைதட்டுகிற மாதிரியே கேட்டது.

"அனுப்பிடலாம்" என்றார் கஸல்காரர். "கடைசியாப் படிச்சது நான்தான். யாருக்குப் படிச்சேன்னு கேசட்டுக்குத் தெரியாது."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அண்ணை, ஒரு விசயம் சொல்லவேணும். அந்த இடம்..."

"தெரியும் தம்பி. லக்னோக்காரன் என் கவிதைக்காகவா குடுப்பான்? சிவம் சாஹிப் சொன்னாருன்னு அவனே சொல்லிட்டான். அதுக்கப்புறமும் வாங்கிக்கிட்டேன். வெட்கம் கெட்டவன்."

"பிறகு ஏன் அண்ணை காதைத் தொடேல்லை?" என்று மரியதாஸ் கேட்டான். "நான் ரெடியாத்தானே இருந்தனான்."

"எதுக்குடா? மத்தவங்களுக்குக் கேக்கணும்னுதானே அந்தச் சத்தம். மத்தவங்கதான் போயிட்டாங்களே."

பஸ் ஒரு சிக்னலில் நின்றது. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்லுகிற மாதிரித் தமிழில் சொன்னார்:

"வெளங்கினவங்களுக்கெல்லாம் வேலை இருந்தது, எழுந்து போனாங்க.
வெளங்காத மூணு பேரு கடைசிவரைக்கும் உக்காந்திருந்தாங்க."

அவர் தமிழில் கவிதை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதைச் சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "இது நல்லாயிருக்குது அண்ணை" என்று மரியதாஸ், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, மெல்லச் சொன்னான். சிவம் அண்ணை எழும்பிப்போய், ஆட்களே இல்லாத பின்சீட்டில் இருந்துகொண்டு மூக்கைச் சிந்தினார். நான் கஸல்காரருக்குப் பக்கத்தில் இருந்தேன். காற்சட்டை அயன் பண்ணிப் பண்ணிச் சூடுபட்டுக் காய்த்துப்போன அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் மிச்சத்துக்கு வந்து சேரும்வரை நான் அதை விடவில்லை.